ரூபாய்க்குப் பத்துப் பைசா

1996ஆம் வருடம், ஒரு சாயங்காலம். கீரைக் கூடையை நூலக வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த ஒரு சீட்டை என் மேசைமேல் வைத்தார்.

"ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

வீட்டு வரி ரசீது. படித்துக் காட்டினேன். வீட்டு வரி 50 ரூபாய். நூலக வரி 5 ரூபாய். மொத்தம் 55.

"நூலக வரின்னா?"

"இந்த மாதிரி நூலகத்துக்காக வாங்குறதும்மா."

அவர் சுற்றிலும் பார்த்தார். இரண்டு நீள மேசை, ஆறு பெஞ்சு, ஒரு மின்விசிறி, சுவரோரம் இரும்பு அடுக்குகள்.

"அப்ப இது என் காசுலயும் நடக்குதா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் செத்த உக்காரலாமா?"

பிள்ளைகளே, அந்த நூலகத்தில் அதற்குள் நான் 12 வருடம் வேலை பார்த்திருந்தேன். எதிர்ச்சாரியில் அந்த அம்மா கீரை விற்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். வெயிலில் தலைக்கு முக்காடிட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்து விசிறிக்கடியில் உட்காருங்கள் என்று ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இங்கே என்ன வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் சம்பளத்திலும் அந்த மேசையிலும் மேசைமேல் கிடந்த பேப்பரிலும் அவர் கீரைக்கட்டின் காசு இருந்தது.

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் தொடங்கியது. சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் திண்ணையில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவர் அன்றைய பேப்பரைப் பத்து நிமிடம் உரக்கப் படிக்க வேண்டும். கீரைக்கார அம்மா, எதிர்க்கடைச் சைக்கிள் மெக்கானிக், வயல்வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் என்று பதினைந்து இருபது பேர் கூடிவிடுவார்கள். நெல் கொள்முதல் விலையும் மேட்டூர் அணையின் நீர்மட்டமும் படிக்கும்போது திண்ணையில் சத்தமே இருக்காது. படிக்கும் பிள்ளைகளுக்கு நாக்குத் திருந்தியது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. இதைச் செய்ய எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. ஆனால் 12 வருடம் எனக்குத் தோன்றவில்லை.

நான் 1984இல் வேலைக்குச் சேர்ந்து 2019இல் ஓய்வு பெற்றவன். காவிரிக் கடைமடையில் ஒரு கிளை நூலகம். கையில் காசில்லாமல் ஒரு பொது இடத்தை எப்படி நடத்துவது என்பதுதான் 35 வருடத்தில் நான் கற்றுக்கொண்டது. நாளைக்கு நீங்கள் நூலகராகலாம், ஆசிரியராகலாம், ஆஸ்பத்திரியில் நர்ஸாகலாம், பால் சொசைட்டிக்குச் செயலாளராகலாம். எங்கே போனாலும் தேவைக்குப் பாதிதான் கையில் கொடுப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த ரசீதின் கதை. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதலில் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம். 1948இல் சட்டம் வந்தது, 1950இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார். போன சில நாளிலேயே, ஆளில்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் இந்த வேலை எனக்கு வேண்டாம், கல்லூரிக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டுவிட்டார். லண்டனுக்குப் போய் அங்கே நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள், அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். பார்த்துவிட்டு வந்தவர் வாழ்நாள் முழுவதும் நூலகத்தை விட்டு நகரவில்லை. கிடைத்த வேலை பிடிக்கவில்லை என்று என்னிடம் வந்து சொல்லும் பையன்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அந்த வேலையை நன்றாகச் செய்கிற இடத்தை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா, பிறகு முடிவு பண்ணு.

நூலகம் யார் தயவிலும் நிற்கக்கூடாது, அதற்கென்று நிலையான வருமானம் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதிலிருந்து வந்ததுதான் நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து உள்ளாட்சி வசூலிக்கும். இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துப் பைசா. உங்கள் வீட்டு வரி 500 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 50 ரூபாய். மாடி வீட்டுக்காரரும் ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார்கள். ஆனால் வசூலான பணம் நூலகக் கணக்குக்கு வந்து சேருவதில் தாமதம் உண்டு. மாதக்கணக்கில் நிற்கும், சில சமயம் வருடக்கணக்கில் நிற்கும். ஜனங்கள் ஒழுங்காகக் கட்டிய காசு, இன்ன காரியத்துக்கென்று பெயர் எழுதி வாங்கிய காசு, வழியில் தங்கக்கூடாது. இதைப் பதவியில் இருக்கும்போதும் எழுதிக் கொடுத்தேன், இப்போதும் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

சேர்ந்த புதிதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. புத்தகம் காணாமல் போனால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். தணிக்கைக்கு வருபவர்கள் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். இளம் வயசு, கல்யாணமான புதிது. சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நல்ல புத்தகங்களையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். கேட்டால் எடுத்துத் தருவேன். ஆனால் பூட்டிய பீரோவுக்கு முன்னால் நின்று கேட்கிற தைரியம் எத்தனை பிள்ளைகளுக்கு வரும்? ஒரு வருடத்தில் ஒரு புத்தகமும் தொலையவில்லை. பெருமையாக இருந்தது. வருடக் கடைசியில் பீரோவைத் திறந்து தட்டிப் பார்த்தபோது ஏழு புத்தகத்தை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. அட்டையிலிருந்து உள்தாள் வரைக்கும் ஊசித்துளை. ஒரு வாசகர் கையும் படாமல் பூச்சிக்குப் போயிருந்தது.

புத்தகம் பயன்படுவதற்கே என்பது ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அடுக்கோடு கட்டி வைத்திருந்ததை அவர் அதில் சொல்கிறார். பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தவன்தான் நான். படித்ததைக் கையில் சாவியை வைத்துக்கொண்டே மறந்திருக்கிறேன். அடுத்த வாரமே பீரோவின் கதவு இரண்டையும் கழற்றி, பின்கட்டில் சாத்தி வைத்தேன். அதன் பிறகு வருடத்துக்கு நாலைந்து புத்தகம் தொலைந்தது உண்மை. அதற்கான பதிலை எழுதிக் கொடுத்தேன், இரண்டு முறை கைப்பணமும் கட்டினேன். ஆனால் அந்த அடுக்கில் பூச்சி வரவே இல்லை. நாள்தோறும் கை படுகிற புத்தகத்தில் இராமபாணம் தங்காது.

கிழிந்த புத்தகம் தைப்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கோயில் தெருவில் இருந்த ஒரு முதிய பைண்டர். பைண்டிங்குக்குக் கொடுக்கப் பணம் ஒதுக்கீடு வராத வருடம் அது. "காசு கொடுக்க வேண்டாம், தம்பி. பத்து நாள் வந்து உக்காருங்க, கத்துக் கொடுத்துடறேன்" என்றார். மைதாவைக் கட்டி தட்டாமல் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். இளந்தீயில் வைத்து, கை எடுக்காமல் கிளற வேண்டும். வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் பொடித்துப் போட வேண்டும். மயில்துத்தம் விஷம், கையைக் கழுவாமல் வாயில் வைக்கக்கூடாது. அது சேர்ந்தால்தான் பசையைத் தேடிப் பூச்சி வராது. பசையை முதுகில் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவ வேண்டும். காடாத் துணியை ஒட்டி, மேலே காகிதம் சுற்றிய செங்கல்லை வைத்து ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கி, இன்னும் அரை நாள் விட்டால் முதுகு பத்து வருடம் தாங்கும்.

அவர் அடித்துச் சொன்ன ஒன்று: செலோடேப் ஒட்டாதே. அவசரத்துக்கு அழகாகத்தான் இருக்கும். சில வருடத்தில் மஞ்சளாகி, ஒட்டிய இடத்தில் காகிதத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். இதை நீங்கள் புத்தகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். அவசர ஒட்டு போட்ட எத்தனையோ சண்டைகள், பாக்கிகள், மன்னிப்புகள் பின்னால் இன்னும் அகலமாகக் கிழிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2007 வாக்கில் எங்கள் ஊரில் குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு வழிகாட்டிப் புத்தகம், செங்கல் கனம். முப்பது பேர் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒருவர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மற்ற 29 பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புதிய பிரதி கேட்டு எழுதினேன். புத்தகம் வாங்குவது எங்கள் கையில் இல்லை, மேலிருந்து கட்டாக வருவதுதான். அது வருவதற்குள் பரீட்சை முடிந்துவிடும்.

ஒரு ராத்திரி அந்தப் புத்தகத்தின் முதுகைப் பிரித்தேன். தமிழ், வரலாறு, அறிவியல், கணக்கு என்று நாலாகப் பிரித்து, தனித்தனியாகத் தைத்து, தனி அட்டை போட்டேன். ஒரே பதிவு எண், முதுகில் 1/4, 2/4, 3/4, 4/4. மறுநாள் ஒரே நேரத்தில் நாலு பேர் படித்தார்கள். மேசையில் மணி வைத்து ஆளுக்கு முக்கால் மணி நேரம். புத்தகம் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான், ஆனால் வேலை நாலு மடங்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு பொதுச் சொத்தைப் பிரித்திருக்கிறேன். அதனால் கத்தியை எடுப்பதற்கு முன்பே மாவட்ட நூலக அலுவலகத்துக்குக் காரணத்தை எழுதி, சரி என்று பதில் வாங்கி, பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். ஊர்க் காரியத்தில் இருப்பவர்களுக்கு இது உயிர்போல. வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்வதென்றால் வெளிச்சத்தில் செய்யுங்கள், எழுதி வைத்துச் செய்யுங்கள். மறைத்துச் செய்தால் நல்ல காரியமும் குற்றமாகிவிடும்.

பரீட்சைக்குப் படித்த அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இயர்புக்கிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்தான். பார்த்துவிட்டேன். அப்பா இல்லாத பையன், அம்மா செங்கல் சூளையில் வேலை. அவனை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் அவன் அதன் பிறகு நூலகத்துப் பக்கமே வந்திருக்க மாட்டான். பூட்டும் நேரத்தில் தனியாகக் கூப்பிட்டேன். தாளைக் கேட்டேன். கசங்கி, வியர்வையில் நனைந்து, ஒட்டவைக்க முடியாதபடி இருந்தது. வெள்ளைத் தாள் இரண்டு கொடுத்து, "இதில் இருக்கிறதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக் கொண்டு வா" என்றேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினான். கட்டம் போட்டு, கோடு போட்டு, நாடு, தலைநகர், நாணயம் என்று முத்து முத்தாக எழுதியிருந்தான். அதை அவனே மைதாப் பசை தடவி அந்த இடத்தில் ஒட்டினான். அந்த இயர்புக்கில் எல்லாரும் விரும்பிப் படித்தது அந்தக் கையெழுத்துப் பக்கங்களைத்தான். அவனுக்கு அரசு வேலை கிடைக்கவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கிறான். நூலகத்துக்கு ஒரு நாளிதழ் அவன் காசில் வருகிறது.

பொருளில் கஞ்சத்தனம் பிடியுங்கள், மனுஷரிடம் பிடிக்காதீர்கள். நாங்கள் குண்டூசியைக்கூட எண்ணித்தான் வைத்தோம். கடித உறையைப் பிரித்து உள்பக்கத்தில் கணக்கு எழுதினோம். அது சரி. ஆனால் காசு குறைகிற இடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வியாதி வரும். நாளாவட்டத்தில் முகமும் குறைய ஆரம்பித்துவிடும். "இல்லை", "வரலை", "அப்புறம் வா" என்று மூன்று வார்த்தையில் ஆளை அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அது வந்திருந்தது. கேட்ட புத்தகம் இல்லையென்றால் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது எது என்று எழுந்து போய்த் தேடுவதற்கு என்ன ஒதுக்கீடு வேண்டும்? பக்கத்து ஊர் நூலகருக்குப் போன் போட்டு, உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டு, வருகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பச் சொல்வதற்கு யார் உத்தரவு வேண்டும்? இதே தஞ்சைச் சீமையில், 1931இல் மன்னார்குடியில், மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அவர்கள் கையில் என்ன பெரிய நிதி இருந்தது?

2018 நவம்பர் 16, விடியற்காலை. கஜா புயல். எங்கள் நூலகம் ஓட்டுக் கட்டடம், ஊர்க்காரர் ஒருவர் வாடகையில்லாமல் விட்டது. விடிந்து போய்ப் பார்த்தபோது மேற்குப் பக்கத்து ஓடு முழுவதும் தெருவில் கிடந்தது. தென்னை சாய்ந்து கதவை அடைத்திருந்தது. உள்ளே கணுக்கால் தண்ணீர். கீழ் இரண்டு தட்டிலும் இருந்த புத்தகங்கள் ஊறி, உப்பி, அடுக்கிலிருந்து உருவ முடியாமல் இறுகியிருந்தன. ஏறத்தாழ 900 புத்தகம்.

ஊரில் கூரை தப்பிய வீடுகளே குறைவு. தென்னந்தோப்பு போனவர்கள் வாசலில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்த நேரத்தில் புத்தகத்துக்கு ஆள் கேட்பது பாவம் என்று நினைத்து நானும் மனைவியும் மட்டும் தொடங்கினோம். மத்தியானத்துக்குள் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். லாரி வைத்திருந்தவர் தார்ப்பாய் கொண்டு வந்து கூரையில் கட்டினார். டீக்கடைக்காரர் விறகடுப்பில் போட்ட டீயைத் தூக்கில் கொண்டு வந்தார். வந்த பெண்களில் இரண்டு பேருக்கு அன்றைக்கு ராத்திரி படுக்க இடமில்லை.

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடக்கூடாது, அட்டை வளைந்து தாள் முறியும். வலுவில் பிரிக்கவும் கூடாது. செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர் வடிந்த பிறகு, இருபது பக்கத்துக்கு ஒரு பேப்பர் செருக வேண்டும். அது ஈரம் குடித்ததும் எடுத்துவிட்டு வேறு செருக வேண்டும். நிழலில், காற்றில். மின்சாரம் இல்லை, விசிறி கிடையாது. பரணில் ஒரு வருடத்துப் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக நனையாமல் இருந்தது. எடைக்குப் போட்டுப் பணத்தைக் கணக்கில் கட்ட வேண்டிய சரக்கு. ஒரு தாள் விடாமல் அதை எடுத்துச் செருகினோம். ஒன்பது நாள். படங்கள் போட்ட வழவழத் தாள் புத்தகங்கள் பாறையாக ஒட்டிக்கொண்டன, அவை போயின. குழந்தைகள் புத்தகம் பாதிக்கு மேல் அப்படித்தான் போயிற்று, அதுதான் இன்றைக்கும் மனசில் கிடக்கிறது. போனது மொத்தம் 140. மற்றவை எழுந்தன. கொஞ்சம் உப்பலாக, கொஞ்சம் மண் வாசனையோடு இப்போதும் அடுக்கில் இருக்கின்றன. பழைய பேப்பர் விற்ற பணம் ஏன் வரவில்லை என்று கேட்டுக் கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஊர்க் காரியத்துக்காகக் கை நீட்ட வெட்கப்படாதீர்கள். நூலகத்துக்கு 1000 ரூபாய் கொடுத்தால் புரவலர் என்று சேர்க்கும் ஏற்பாடு உண்டு. அரிசி மில்காரரிடம் கேட்டிருக்கிறேன், சலூன்காரரிடமும் கேட்டிருக்கிறேன். சலூன்காரர் ஐந்து தவணையில் கொடுத்தார். ஒவ்வொரு தவணைக்கும் அன்றைக்கே ரசீது போட்டுக் கையில் கொடுத்தேன். ரசீது நாளைக்குத் தருகிறேன் என்று சொல்கிற வாயால் ஊரில் அடுத்த முறை கேட்க முடியாது. ரங்கநாதனே தன் வாழ்நாள் சேமிப்பில் ஒரு லட்ச ரூபாயை, மனைவி சாரதா பெயரில், நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1950களில் ஒரு லட்சம். ஊரைக் கேட்கிறவர் தானும் கொடுத்திருக்க வேண்டும்.

கீரைக்கார அம்மா இப்போது இல்லை. திண்ணையில் பேப்பர் படிப்பது நான் ஓய்வு பெறும் வரை நடந்தது. நடுவில் நின்றிருந்ததை, புதிதாக வந்திருக்கும் நூலகர், உங்கள் வயதுப் பெண், போன தை மாதம் மறுபடியும் தொடங்கியிருக்கிறார். படிக்க ஆள் போதவில்லை என்கிறார்.

உங்கள் வீட்டில் பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ வரி ரசீது இருக்கும். எடுத்துப் பாருங்கள், நூலகத்துக்கென்று எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று தனியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் உறுப்பினராகுங்கள். குரல் நன்றாக இருப்பவர்கள் எங்கள் ஊர்த் திண்ணைக்கு வாருங்கள். சாயங்காலம் ஐந்தரை மணி. வெள்ளிக்கிழமை விடுமுறை.